ஹால் சுவரின் காற்றுத் துளை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இந்த மலைக்குளிரில் நாங்கள் இருவரும் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜன்னல் இடுக்குகளை அடைக்க நீ அனுப்பிய ஸ்பாஞ்சு டேப் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து இந்த வீட்டில் எனக்குக் கணவர் இல்லை, காற்றுத் தடுப்பு அதிகாரி ஒருவர்தான் இருக்கிறார். ஓய்வு பெற்ற மனிதருக்கு எதிரி என்று ஒருவர் வேண்டும்; போன வருடம் எறும்பு, இந்த வருடம் காற்று. மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போய், சுடர் ஆடிய இடத்தில் எல்லாம் டேப் ஒட்டினார். பொய் சொல்லக் கூடாது, வேலை சுத்தம். வாசல் கதவின் அடியில் ரப்பர் பட்டை வைத்த பிறகு என் கால் குடைச்சல் பாதியாகக் குறைந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனை அட்டையால் மூடினார், ஹால் சுவரில் மேலே இருக்கும் காற்றுத் துளையில் பழைய போர்வையைத் திணித்தார். கொஞ்ச நாளில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது, பீரோவுக்குப் பின்னால் சுவரில் பூசணம் பூத்தது. நாம் விடும் மூச்சும் சமையல் ஆவியும் உள்ளே காயப்போட்ட துணியின் ஈரமும் வெளியேற வழியில்லாமல் நிற்கின்றன என்றேன். "உனக்கு ஒண்ணும் தெரியாது, ஈரக்காத்து வெளியிலேர்ந்து எங்கேயோ நுழையுது" என்று இன்னொரு சுற்று ஒட்டினார்.

அப்புறம் அவருக்குத் தலைவலி வந்தது. ஹாலில் கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்துவிட்டு எழுந்தால் தலைசுற்றல், குமட்டல். அதுவும் காற்றின் சதிதானாம். தெருவில் நடந்துவிட்டு வந்தால் சரியாகிவிடுவதை அவர் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். அவர் கடைக்குப் போன நேரத்தில் ஸ்டூல் போட்டு ஏறிப் போர்வையை உருவினேன். தலைவலி போயிற்று. "பார்த்தியா டேப்போட மகிமையை" என்று பக்கத்து வீட்டு டீச்சரிடம் வேறு பெருமை. வாதாடத் தெம்பில்லாமல் விட்டுவிட்டேன்.

இனி விட முடியாது. திங்கட்கிழமை கண் ஆபரேஷனுக்காகப் பெரியம்மா வீட்டுக்குப் போகிறேன், திரும்ப இரண்டு வாரமாகும். நேற்று அண்ணாந்து பார்த்துப் போர்வை எங்கே என்றார். துவைக்கப் போட்டிருக்கிறேன் என்றேன். காய்ந்ததும் கொடு என்கிறார். நான் இல்லாத வீட்டில் அதைத் திணித்துவிட்டு ஹீட்டர் முன்னால் கண்ணயர்ந்தால் எழுப்ப ஆள் கிடையாது. மூடிய அறையில் எரியும் கேஸ் ஹீட்டரிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, உனக்கு மட்டும் எப்படிடி தெரிஞ்சுது" என்றார். நான் சொன்னால் புலம்பல், அதையே நீ சொன்னால் விஞ்ஞானம். அதனால் ஞாயிற்றுக்கிழமை போன் செய். முதலில் பாராட்டு, இடுக்குகளை அடைத்தது சரி என்று சொல். அப்புறம், காற்றுத் துளையும் ஃபேனும் திறந்தே இருக்க வேண்டும், மெக்கானிக் வந்து பார்க்கும்வரை ஹீட்டரைத் தொடக் கூடாது என்று சொல். நான் போர்வையை உருவியதால்தான் தலைவலி போனது என்று மட்டும் சொல்லிவிடாதே. அவரே ஜெயித்ததாக இருக்கட்டும். கறுப்புக் கண்ணாடியோடு நான் திரும்பி வந்து மணி அடிக்கும்போது, "சீக்கிரம் உள்ளே வா, காத்து நுழையுது" என்று அவர் உள்ளிருந்து கத்தினால் போதும்.

இருவரும் நோய்நொடியில்லாமல் நெடுநாள் இருங்கள். ஞாயிற்றுக்கிழமை, மறக்காதே.

உன் அம்மா