காலியாக இருந்த கட்டம்

காலியாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அன்று உன்னிடம் நான் சொல்லாமல் விட்டது இந்த ஒரு வரிதான்.

இன்று ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பெண் என் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்துக் கேட்டாள். "ஏங்க்கா, ஒண்ணும் இல்லாட்டி காலியா விட்டுற வேண்டியதுதானே? எதுக்கு இத்தனை எடத்துல 'இன்னும் தெரியாது'ன்னு வருது?" பழக்கம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்புறம் வேலை ஓடவில்லை.

உத்தமபாளையத்தில் நம் தொண்டு நிறுவனத்தின் மாடியறை. நீ ஊர் ஊராகப் போய்க் கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு வருவாய். நான் அதை எக்செல்லில் ஏற்றுவேன். ஒருமுறை மட்டும் கூடியிருந்தால் பஸ்ஸில் நின்று வந்த களைப்பாகவும் இருக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால் சூத்திரத்தை இப்படி எழுதினேன்: ஒவ்வொரு வரிசையும், அதே பெயரும் அதே தகப்பன் அல்லது கணவன் பெயரும் உள்ள மற்ற வரிசைகளைத் தேடிப் போகும். எல்லாவற்றிலும் சேர்த்து இரண்டு முறை அழுத்தம் நூற்றுநாற்பதைத் தொட்டிருந்தால் கடைசிக் கட்டத்தில் 'பார்க்கவும்' என்று வரும். இல்லையென்றால் காலியாக இருக்கும்.

நீ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாய். "ஒரு வரிசை எந்திரிச்சுப் போயி இன்னொரு வரிசைய விசாரிச்சுட்டு வருதாக்கும்? எங்க தெருப் பொம்பளைகளக் கணக்காவுல்ல இருக்கு."

பண்ணைப்புரத்தில் ஒருத்தியை அந்தக் கட்டம் காட்டிக்கொடுத்து, நீயே அவளைக் கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தாய். அன்றோடு கேலியை நிறுத்திவிட்டாய். நிறுத்தாமலே இருந்திருக்கலாம்.

உன் வளைகாப்பு முடிந்த மறுநாள், அம்மா வீட்டுக்குக் கிளம்பும் வழியில் மாடிப்படி ஏறி வந்தாய். வளையல் சத்தம் முதலில் வந்தது, பிறகு நீ மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாய். செருப்பு காலில் ஏறவில்லை என்று கையில் பிடித்திருந்தாய்.

"ஏத்தா, உன் பொட்டி என்னையப் பத்தி என்ன சொல்லுது?"

தேடினேன். உன் வரிசையில் அந்த மாதம் நூற்றுநாற்பது. ஒரே ஒருமுறை. கடைசிக் கட்டம் காலி.

"ஒண்ணும் வரலை. காலியாத்தான் இருக்கு."

"அப்பாடி. கால் வீங்கிக் கெடக்கு, டாக்டரப் பாருன்னு எங்க மாமியா ஒரே பாட்டு. பொட்டியே ஒண்ணுமில்லன்னு சொல்லிருச்சுன்னு சொல்லிர்றேன். அவுகளும் படிச்சவுக பேச்சத்தான் கேப்பாக."

நான் சிரித்தேன். காலையிலிருந்து முந்நூறு வரிசை அடித்த கை வலித்தது. உன்னை உட்காரவைத்துச் சூத்திரத்தை விளக்க அலுப்பாக இருந்தது. உண்மை அவ்வளவுதான்.

வைகை அணைப் பக்கம் உன் அம்மா ஊரில் நர்சம்மா உனக்கு அழுத்தம் பார்த்தார்கள். அந்த ஊருக்கு நீ இன்னாருடைய மகள்தானே. உன் பெயருக்குப் பக்கத்தில் உன் அப்பா பெயரை எழுதினார்கள். கட்டுக் கட்டாக வந்த தாள்களோடு அதுவும் என்னிடம் வந்தது. எங்கள் தாள்களில் உன் பெயர்க்காரிகள் எத்தனையோ பேர். நான் ஆளைப் படிக்கவில்லை, எழுத்தைத்தான் அடித்தேன். மறுபடியும் நூற்றுநாற்பதுக்கு மேல்.

இங்கே கணவன் பெயரோடு ஒருத்தி, அங்கே அப்பா பெயரோடு ஒருத்தி. இருவருக்கும் ஒவ்வொரு முறைதான் கூடியிருந்தது. இரண்டு வரிசைகளும் ஒன்றையொன்று விசாரிக்கவில்லை. இரண்டு கட்டமும் காலி.

ஒன்பதாம் மாதம் உனக்கு வலிப்பு வந்தது. பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்வரை நீ தாங்கவில்லை என்றார்கள். பிள்ளையையும் காப்பாற்ற முடியவில்லை.

பிறகு எத்தனையோ ஆபீசுக்குச் சூத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டேன். எதிலும் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட்டதில்லை. தெரியாதென்றால் தெரியாது என்று அது சொல்லியாக வேண்டும். நான் சொல்லாததை.

துக்கம் கேட்டுத் திரும்பியபின் அந்தக் கோப்பைத் திறந்தேன். பெயர்களை எடுத்துவிட்டு, கர்ப்பிணிகள் எந்த ஊருக்குப் போனாலும் கையோடு கொண்டுபோகும் அட்டையின் எண்ணை ஒவ்வொரு தாளிலிருந்தும் எடுத்து ஏற்றி, அதை வைத்துத் தேடும்படி சூத்திரத்தை மாற்றி எழுதினேன். உன் இரண்டு வரிசைகளுக்கு நேராகவும் 'பார்க்கவும்' என்று வந்தது. அது நீ போன பதினோராவது நாள்.