குறையில்லாத பழைய பதிப்பு

சாய்ந்தமருது
10.09.1986

அன்பு மச்சான் பக்கீர் முகைதீனுக்கு, ஸலாம்.

நாயன் கிருபையால் என் தங்கை றாபியாவும் உங்கள் பிள்ளைகளும் சுகம். சின்னவன் வாப்பா எப்போது வருவார் என்று தினமும் கேட்கிறான்.

ஹாஜியாரின் நெல் மில்லில் நீங்கள் எழுதித் தந்த கொம்பியூட்டர் புறோகிறாம் இரண்டாவது வருடமாக ஓடுகிறது. யார் எத்தனை மூடை வைத்தார் என்று அது அடித்துத் தரும் தாளைப் பார்க்கவென்றே ஆட்கள் வருகிறார்கள். நீங்கள் வேலை செய்யும் கந்தோரில் புதிய பதிப்பு வருவதாகவும் பழையதைக் கைவிடப்போவதாகவும் றாபியா சொன்னாள். எங்கள் மெசினில் புதியது ஓடாதாம். ஹாஜியார் வேறு மெசின் வாங்கமாட்டார். "அது நிண்டா நீயும் நிண்டுருவாய், கலந்தர்" என்று சிரித்தார். பல் மட்டும்தான் சிரித்தது. உங்கள் சொல்லை நம்பிப் பள்ளிக்கூடக் கிளாக்கர் வேலையை விட்டுவிட்டு வந்தவன் நான். எப்போது நிறுத்துவார்கள் என்று ஒரு சொல் எழுதுங்கள்.

கலந்தர்

கொழும்பு
02.10.1986

கண்ணியமிக்க மச்சானுக்கு,

திகதி இன்னும் முடிவாகவில்லை. எத்தனை முறைப்பாடு வருகிறது என்பதைத்தான் எங்கள் பெரியவர் பார்க்கிறார். பழையதை எழுதியவன் நான் என்பதால் ஏச்செல்லாம் எனக்கு. ஒரு மில்லிலிருந்து மட்டும் ஒன்பது முறைப்பாடு.

ஓர் உதவி. புறோகிறாமில் குறையேதும் இல்லை என்று மில் முத்திரையோடு ஒரு கடிதம் அனுப்புங்கள். பழையதும் பிழைக்கும், நானும் பிழைப்பேன்.

பக்கீர் முகைதீன்

சாய்ந்தமருது
15.10.1986

அன்பு மச்சானுக்கு,

கேட்ட கடிதம் தனி உறையில் வருகிறது. தங்கையைக் கொடுத்தவன் மாப்பிள்ளை மேல் குறை எழுதுவானா? ஒரு குறையுமில்லை என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன்.

இது நமக்குள் இருக்கட்டும்: குறை ஒன்று உண்டு. மெசினில் பெயருக்குப் பன்னிரண்டு ஆங்கில எழுத்துத்தான் இடம். நம்மிடம் தகப்பன் பெயர் முன்னால் வருமே. அகமதுலெவ்வை என்று அடிக்கும்போதே இடம் முடிந்துவிடுகிறது. அவருடைய மூன்று மகன்மாரும் மெசினுக்கு ஒரே ஆள். மூவரின் மூடைகளையும் நான் கொப்பியில் பிரித்து எழுதிச் சமாளிக்கிறேன். அஸர் தொழுகைக்குப் பிறகு தினமும் இதே வேலைதான். ஹாஜியாருக்குச் சொல்லவில்லை, தெரிந்தால் உங்களுக்கல்லவா வெட்கம். கைவிடுவதற்கு முன் இதை மட்டும் திருத்தித் தாருங்கள்.

கலந்தர்

கொழும்பு
05.12.1986

மச்சானுக்கு,

பழைய பதிப்பு இந்த மாதம் முப்பத்தோராம் திகதியோடு நிற்கிறது. முறைப்பாடு சொன்னவர்கள் எல்லோரும் புதியதுக்கு மாறிவிட்டார்கள். மிஞ்சியது உங்கள் மில் மட்டும். அதன் நிலை என்ன என்று பெரியவர் கூட்டத்தில் கேட்டார். உங்கள் கடிதத்தை நானே வாசித்தேன். குறையே இல்லாததற்கு வைத்தியம் எதற்கு என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய?

உங்கள் மெசினில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் பெயர் விஷயத்தை இனித் தொட முடியாது. கொப்பியை விடாமல் எழுதுங்கள். புதிய பதிப்பின் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள், எனக்காகத் துஆச் செய்யுங்கள்.

பக்கீர் முகைதீன்

சாய்ந்தமருது
20.03.1987

மச்சானுக்கு,

வெள்ளாமை வெட்டு முடிந்த கையோடு எனக்குக் காய்ச்சல். ஐந்து நாள் படுத்துவிட்டேன். ஹாஜியார் மெசின் தாளைப் பார்த்து, அகமதுலெவ்வையின் மூத்த மகனிடம் இருநூற்றுப் பதினான்கு மூடையையும் கொடுத்துவிட்டார். அவர் எல்லாம் தன்னுடையதே என்று விற்றுவிட்டார். இளையவர்கள் இருவரும் வந்து கேட்டபோது நான் கொப்பியைக் காட்டினேன்.

மெசினில் பிழையா என்று கேட்டு ஹாஜியார் உங்கள் கந்தோருக்கு எழுதினார். பதில் உங்கள் கையொப்பத்தோடு வந்தது. பதிப்பில் குறையில்லை, மில் ஊழியரே சான்று தந்திருக்கிறார் என்று எழுதி, என் கடிதத்தின் பிரதியையும் வைத்திருந்தீர்கள். அதை மில் முற்றத்தில் எல்லோரும் கேட்க வாசித்தார்கள். இளையவர்களின் நெல்லை மெசினில் ஏற்றாமல் கொப்பியில் மட்டும் எழுதி நான் விற்றுவிட்டேன் என்று முடிவாகிவிட்டது. "கள்ளனுக்குக் கொப்பி எதுக்கு" என்று ஹாஜியார் அதை அடுப்பில் போட்டார். பள்ளியில் தொழும்போது என் பக்கத்தில் நிற்க ஆட்கள் தயங்குகிறார்கள்.

போன வேலை திரும்ப வேண்டாம். மெசின் பெயரை வெட்டும் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். நான் கள்ளனில்லை என்று ஊர் அறிந்தால் போதும்.

கலந்தர்

கொழும்பு
25.04.1987

மச்சானுக்கு,

நீங்கள் கேட்ட வரியை எழுத முடியாது. எழுதினால் இளையவர்கள் கந்தோர் மேல் வழக்கு வைப்பார்கள். தெரிந்துகொண்டே பொய்ச் சான்று தந்தவர் என்று உங்கள் மேலும் வரும். யோசியுங்கள்.

புதிய பதிப்பில் பெயருக்கு நாற்பது எழுத்து இடம் விட்டிருக்கிறேன். உங்கள் ஒக்டோபர் கடிதத்தைப் பார்த்துத்தான் செய்தேன். பெரியவர் மிகவும் மெச்சினார். அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். என்னுடையவற்றை நீங்களும் கிழித்துவிடுங்கள்.

ஹாஜியார் மெசின் வாங்கமாட்டார் என்றீர்களே, களவுக்குப் பயந்து இப்போது புதியது வாங்குகிறார். பெருநாள் கழிந்ததும் அதைப் பூட்டி ஓடவைத்துக் கொடுக்க நானே வருகிறேன். ஒரு கிழமை றாபியாவோடு நிற்பேன். நீங்கள் சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீடுதான், மறக்கவில்லை. ஆனால் மில் ஆட்கள் வந்து போவார்கள். அந்த நாட்களில் நீங்கள் அங்கே வரவேண்டாம்.

பக்கீர் முகைதீன்