கௌரம்மா புளியமரத்து ஏரியல்

மன்மத வருஷம், ஆடி 6, வெள்ளி

விடிஞ்சதிலிருந்து காத்து. ராகி புடைக்க முடியலை, பாதி உமி கண்ணுக்குள்ள.

ராஜுவுக்கு லைசென்ஸ் வந்து பத்து நாள். இனி நம்ம வீட்டிலிருந்தே ரேடியோவில் சேதி அனுப்பலாம். வாயால் இல்லை, பட்டாளத்தில் கத்துக்கிட்ட தட்டுச் சேதி. ஓசூர் சுத்துவட்டாரத்தில் வேற எவ பெத்த பிள்ளைக்கு இருக்கு இது?

கொழும்பில் சில்வா. பர்மா சண்டையில் இவனை முதுகில் தூக்கிட்டு வந்த சிநேகிதர். ஞாயித்துக்கிழமை காலை ஏழு மணிக்குக் காத்திருப்பாராம். இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு, அவ்வளவுதான். பிறகு ரேடியோவை வித்துட்டுக் குடும்பத்தோட ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல்.

"கடுதாசி போட்டா ஆகாதா?"ன்னு மருமக சரசு.

"அவர் தட்டுறதைக் கேக்கணும். ஆளையே பாக்கிற மாதிரி"ன்னான்.

கட்டவேண்டியது ஏரியல். வேணுங்கிறது: செம்புக் கம்பி 66 அடி, பீங்கான் குண்டு மூணு, கயிறு, உயரமா ரெண்டு இடம். அவன் டேப்பில் அளந்தான், நான் கை முழத்தில். 44 முழம். ஒரு சாண்தான் வித்தியாசம். அளந்த கம்பியை நடுவில் வெட்டிட்டான்! அங்கேதான் ரேடியோவிலிருந்து ஒயர் சேரணுமாம். செம்பு விக்கிற விலையில்!

எந்தப் பக்கம் இழுக்கிறதுன்னு பேச்சு. நான் சொன்னேன், கொழும்பு தெக்கே, கம்பியைத் தெக்கே பாத்து நீட்டு. வடக்கே தென்னை, தெக்கே சவுக்குக் கம்பம். எல்லாம் நம்ம எல்லைக்குள்ள. அவன் கயித்தை எடுத்துக்கிட்டுத் தென்னையில் ஏறிட்டான். கட்டியாச்சு.

ஆடி 8, ஞாயிறு

ஏழு மணி. தட்டினான், தட்டினான். பம்பாய்க்காரர் ஒருத்தர் கிடைச்சார். கொழும்பு இல்லை. எட்டரைக்குக் காதுக்குழலைக் கழட்டி வெச்சான். காப்பி வேண்டாம்னுட்டான்.

சாயந்திரம் சரசு சொல்லித்தான் தெரிஞ்சது. கம்பி நீட்டின முனைப் பக்கம் சேதி அவ்வளவா போகாதாம், ரெண்டு விலாப் பக்கமும்தான் போகுமாம். தெக்கே போக, கிழக்கு மேற்கா கட்டணும்.

"தெரிஞ்சே ஏண்டா சும்மா இருந்தே?"

"கிழக்கே கௌரம்மா புளியமரம்தானேம்மா இருக்கு."

பக்கத்து வீடுதான், நாலு வருஷமா அவளோட பேச்சில்லை. நம்ம மாடு அவ அவரைக்கொடியை மேஞ்சது நிஜம். அதுக்கு ஊர்க் கிணத்தடியில், "அஞ்சாவது படிச்ச கலெக்டரம்மாவுக்கு மாட்டைக் கட்டத் தெரியலை"ன்னாளே.

ஆடி 10, செவ்வாய்

துணி துவைச்சேன். மிளகாய் காய வெச்சேன். போகலை.

ஆடி 11, புதன்

போனேன். முறத்தில் அவரைக்காய் உரிச்சிட்டிருந்தா.

"ஏனம்மா கலெக்டரம்மா, வழி தப்பிட்டீங்களா?"

"வழி தெரிஞ்சுதான் வந்தேன் கௌரம்மா. உன் புளியமரத்தில் ஒரு கிளை வேணும்."

"விறகுக்கா?"

முழுசும் சொன்னேன். தெக்கே நீட்டச் சொன்னது நான்தான்னும் சொன்னேன். சிரிச்சா, கண்ணில் தண்ணி வர்ற அளவுக்கு. அப்புறம், "உன் மகனைச் சுமந்த மனுஷனா? கட்டிக்கோ. ஆணி மட்டும் அடிக்கக் கூடாது. பச்சை மரம்."

மாடு விஷயம் ரெண்டு பேரும் எடுக்கலை.

ஆடி 13, வெள்ளி

நேத்து சவுக்குக் கம்பத்தை மேற்கே மாத்தி நட்டு, புளியங்கிளையில் சாக்கு சுத்திக் கட்டினான். இன்னைக்குக் காத்தில் மரம் ஆட, கம்பி பட்டுனு அறுந்தது. முறுக்கி ஈயம் வெச்சு ஒட்டினான். மறுபடி ஆடினா மறுபடி அறும்னு தலையில் கை.

கிணத்துக் கப்பியைக் கழட்டிக் கொடுத்தேன். நான் சொன்னேன், கயித்தைக் கிளையில் கட்டாதே, கிளையில் கப்பியைக் கட்டி அதன்மேல விடு, நுனியில் கல்லைத் தொங்கவிடு. மரம் ஆடினா கல்லு ஏறி இறங்கும், கம்பி பிழைக்கும். என்னையே பாத்தான். "பட்டாளத்திலே இதைச் சொல்லித்தரலையேம்மா." தரமாட்டாங்க.

கல்லு தேடினோம். செங்கல் போதலை, கம்பி தொய்ஞ்சது. நம்ம அம்மிக் குழவி கனம், வீணைத் தந்தி மாதிரி விறைச்சது. கௌரம்மா உள்ளே போய் அவளோட சின்னக் குழவியைத் தூக்கிட்டு வந்தா. உறியில் வெச்சுத் தொங்கவிட்டோம். கச்சிதம்.

ஆடி 14, சனி

நாள் பூரா காத்து. குழவி ஏறி இறங்குது. கம்பி அப்படியே. பத்து தடவையாவது பாத்திருப்பேன். கப்பி இல்லாம தண்ணி சேந்தி சரசுவுக்குக் கை சிவந்துபோச்சு. கப்பி வாங்கணும்.

ஆடி 15, ஞாயிறு

ஏழு அடிக்கும் முன்னே கௌரம்மா வந்து வாசப்படியில் உக்காந்துட்டா. தட்டினான். இரைச்சல். திரும்பத் தட்டினான். திடீர்னு கையைத் தூக்கினான்.

"அவர்தான். அதே தட்டு."

எழுத எழுதக் காகிதம் நனைஞ்சது. பக்கத்தில் போய் நிக்கலை நான்.

கடைசியில் கொழும்பு கேட்டதாம், சத்தம் கணீர்னு வருது, என்ன ஏரியல்னு. 66 அடிக் கம்பி, ஒரு முனை புளியமரம்னு தட்டப் போனான்.

"கௌரம்மா புளியமரம்னு தட்டு"ன்னேன்.

"எழுத்து நிறைய ஆகும்மா."

"ஆகட்டும்."

தட்டினான். கௌரம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கிட்டா, யாரோ பாக்கிற மாதிரி. "போய்ச் சேந்துச்சா?"

சேந்துச்சாம்.

குழவி மேலே தொங்குது. இனி மசாலா அரைக்க அவ நம்ம வீட்டு அம்மிக்குத்தான் வரணும். நாளைக்கு வர்றேன்னிருக்கா. அம்மியைக் கழுவி வைக்கணும்.