திங்கட்கிழமைப் பல்

ஆக. 11, திங்கள்

காலையிலிருந்து தூறல். பாலக்காட்டுக் காற்று. மாடியில் காயப்போட்ட என் வேட்டி இப்போது பக்கத்து வீட்டு மாமரத்தில்.

மகள் ஷைனி காலேஜ் போகவில்லை. மறுபடியும் பல்வலியாம். பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஜூன் 16, பல்வலி. ஜூலை 14, பல்வலி. மூன்றும் திங்கள். கிழமை பார்த்து வலிக்கும் பல்லை நான் கேள்விப்பட்டதில்லை.

சந்தேகங்கள்:
1. கன்னம் வீங்கவில்லை.
2. நேற்று கடலை மிட்டாயை நறநறவென்று கடித்தாள்.
3. பையில் மாத்திரை அட்டை. பத்தில் எட்டு காலி.
4. திங்கட்கிழமை யாருக்கு லீவு? சர்ச்சில் கிட்டார் வாசிக்கும் பையன்? விசாரிக்க.

மனைவி எஸ்தரிடம் கேட்டேன். "அவளுக்கும் என்னையாட்டமே பல்லுங்க," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். இருக்கலாம். கல்யாணமான புதிதிலிருந்து எஸ்தருக்குப் பல்வலி. போன வாரம்கூடக் கிராம்புத் தைலம் (கி.தை.) ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்தேன்.

ஆக. 12, செவ்வாய்

கடைக்கு லீவு. துப்பறியும் வேலை. ஷைனியைக் கட்டாயப்படுத்திப் பல் டாக்டரிடம். எஸ்தர் தடுத்துப் பார்த்தாள்: "ரண்டு நாள்ல சரியாப் போயிருமுங்க." சந்தேகம் இரட்டிப்பு.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "பாப்பாவுக்குப் பல்லு முத்தாட்ட இருக்குதுங்க. நீங்க வாயைத் தொறங்க." எனக்கு இரண்டு பிடுங்க வேண்டுமாம்.

மாட்டிக்கொண்டாயா என்று கேட்கத் திரும்பினேன். நாற்காலியிலிருந்து எழுந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தாள். முகம் வெளிறிவிட்டது. ஆட்டோவில் இரண்டு தடவை வாந்தி.

வீட்டில் எஸ்தர்: "அது பல்லு இல்லீங்க. மாச வலி. ஆம்பளைங்க காதுல உழுகக் கூடாதுன்னு எங்கம்மா ஊட்ல பல்வலின்னுதான் சொல்லுவோம்."

மாதவிலக்கு எனக்குத் தெரியாததல்ல. எஸ்தர் பல்வலி என்கிற நாட்களில் தலையணையை மடித்து வயிற்றுக்கடியில் வைத்துப் படுப்பாள். பல்வலிக்கு வயிற்றில் எதற்குத் தலையணை என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஊரையே சந்தேகப்படுகிறவன்.

அவ்வளவு கி.தை.யையும் என்ன செய்தாள்? கேட்கவில்லை.

ஆக. 13, புதன்

கொஞ்சம் வெயில். வேட்டி கிடைத்தது, கிழிசலோடு.

டாக்டரம்மாவிடம் காட்டலாம் என்றேன். எஸ்தர்: "எல்லாப் பொம்பளைக்கும் இருக்கறதுதானுங்க. கண்ணாலமானா சரியாப் போயிரும். இப்ப அங்க கூட்டிட்டுப் போனா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

அந்த நாலு பேரில் மூன்று பேர் நான்.

கட்டிலிலிருந்து ஷைனி: "போன செமஸ்டர்ல பாதிப் பேப்பர்ல எந்திரிச்சு வந்துட்டேனுங்கப்பா. முன்னெல்லாம் ஒரு நாள்தான். இப்ப மூணு நாள். மாத்திரையும் கேக்கறதில்ல."

அந்தப் பேப்பர் அரியர் ஆனதற்கும் கிட்டார் பையனைத்தான் சந்தேகப்பட்டிருந்தேன். டோக்கன் போட்டுவிட்டேன்.

ஆக. 14, வியாழன்

எஸ்தரும் கூட வந்தாள். ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகள் நடுவே ஆண் நான் ஒருவன். எதிரில் நம் சர்ச் அம்மா ஒருவர். "ஏனுங்க, பாப்பாவுக்கு என்னங்க?" பல்வலி என்று சொல்ல நாக்கு எழுந்தது. "மாச வலிங்க," என்றேன். அந்தம்மா பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டார்.

டாக்டரம்மா: "லேசா வலிக்கறது சகஜம். காலேஜ் போக முடியாம, மயக்கம் வந்து, மாத்திரைக்கும் அடங்காம, மாசாமாசம் கூடிட்டே போனா சகஜம் இல்லீங்க. எதனாலன்னு பாக்கோணும். ஸ்கேன் எடுப்போம். எந்தெந்தத் தேதின்னு குறிச்சு வெச்சிருக்கீங்களா?"

அம்மாவும் மகளும் விழித்தார்கள். நான் இந்த நோட்டை எடுத்தேன். கிட்டார் வரியைக் கட்டைவிரலால் மறைத்தபடி தேதிகளை வாசித்தேன். "இப்படி எழுதி வெக்கற அப்பாவை நான் பாத்ததில்லீங்க," என்றார் டாக்டரம்மா. ஷைனி என் கட்டைவிரலையே சந்தேகமாகப் பார்த்தாள்.

ஸ்கேன் சனிக்கிழமை.

வீடு வந்ததும் எஸ்தர் மெதுவாக: "எம்பட பல்வலியும் எழுதியிருக்குதுங்களா?"

பரண்மேலிருந்த பழைய நோட்டுகளை இறக்கிப் பார்த்தேன். 'கி.தை. வாங்க.' மாசம் ஒரு தடவை. இருபத்திரண்டு வருஷம்.

சனிக்கிழமைக்கு டோக்கன் இரண்டு சொல்லியிருக்கிறேன்.