சம்டா பார்ட்டி அண்ணனுக்கு

அண்ணே,

இன்று ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரி புதுக் கைப்பை வாங்கி வந்திருந்தாள். அசல் தோல். மதியம் சாப்பிட்டு டப்பாக்களை மூடிய பிறகு அது கைக்குக் கை போயிற்று. ஒவ்வொருத்தியும் அதைத் திறந்து மூக்கை உள்ளே விட்டு, என்ன வாசனை என்று கண்ணை மூடினாள். என்னிடம் வந்தபோது நானும் முகர்ந்தேன். பாலிஷ் வாசனைக்கு அடியில், வெகு ஆழத்தில், சுண்ணாம்புத் தொட்டியும் ஊறின தோலும் இருந்தன. நீ வேலைவிட்டு வந்து வாசலில் சட்டையைக் கழற்றும்போது வரும் அதே நெடி. நன்றாயிருக்கிறது என்று சொல்லிப் பையைத் திருப்பிக் கொடுத்தேன். செம்பூரிலிருந்து வீடு வரும்வரை பஸ்ஸில் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. சண்டை முடியவில்லை.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை நீ எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாய். தாராவியில் தோல் பதனிடும் ஷாப்புகளில் வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து ஆடிய கால்பந்து அணி நம்முடையது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் ஆடுகிறவர்கள் பதினொரு பேர், பார்க்கப் போகிறவர்கள் ஒரு ரயில் பெட்டி. மாஹிமில் ஏறி சர்ச்கேட் போவீர்கள். ஒருநாள் நீங்கள் ஏறியதும் ஜன்னலோரத்து ஆள் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சம்டா பார்ட்டி ஆ கயி" என்று எழுந்து நகர்ந்தாராம். சம்டா என்றால் இந்தியில் தோல். தோல் கோஷ்டி வந்துவிட்டது என்கிறார். கூட வந்தவர்கள் தலைகுனிந்து நின்றார்கள். நீ அவர் விட்டுப்போன இடத்தில் உட்கார்ந்து, "ஏல, எல்லாரும் வந்து இரிங்கல. பேரச் சொன்னாலே சீட்டு கெடைக்கு" என்றாய். அடுத்த ஸ்டேஷனுக்குள் பாதிப் பெட்டி காலி என்பது நீ கூட்டிச் சொன்னது.

அன்று நம் அணி கோல் போட்டதும் நீ எழுந்து "யாருல அது?" என்று கத்தினாய். கூட்டம் "சம்டா பார்ட்டி!" என்றது. அதுவே வழக்கமாயிற்று. புதிதாக ஆட்டம் பார்க்க யார் வந்தாலும் அன்றைக்குக் கேள்வியை அவன்தான் கேட்கவேண்டும். கேட்டுவிட்டால் அவனும் பார்ட்டியில் சேர்ந்தான்.

நம் சந்திலேயே காலேஜ் வாசலை முதலில் மிதித்தவள் நான். வாய் திறக்காமல் போய், வாய் திறக்காமல் வந்துகொண்டிருந்தேன். முதல் வருஷத்தில் ஒரு காலை, என் பெஞ்சில் இருந்த பெண் புத்தகங்களை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். முகம் சுளிக்கவில்லை. அங்கே காற்று நன்றாக வருகிறது என்று மரியாதையாகவே சொன்னாள். அதன்பிறகு அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. நம் வீட்டில் இருப்பது ஒரே அறை. உன் சட்டையும் என் புடவையும் ஒரே கொடியில் காயும். நான் சோப்பைத் தேய்தேய் என்று தேய்த்தேன். அம்மாவிடம் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவாள் என்று பயம். கடைசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், குழாயடியில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, உன்னிடம் மட்டும் சொன்னேன். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னேன். நீ என் குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "நா ஏன் சொல்லுதேன்" என்றாய்.

மறுநாள் என்னை ஆட்டத்துக்குக் கூட்டிப்போனாய். பெண்பிள்ளை எதற்கு என்று அம்மா பின்னாலேயே சத்தம் போட்டுக்கொண்டு வந்தது தெருமுனை வரை கேட்டது. நம் அணி கோல் போட்டது. நீ எழவில்லை. என் பக்கம் குனிந்து, "இன்னைக்கு நீதான் புதுசு. கேளு" என்றாய். சுண்ணாம்பில் வெந்த விரல்களோடு அத்தனை ஆண்களும் என் ஒருத்தியின் குரலுக்காகச் சத்தமில்லாமல் காத்திருந்தார்கள். "யாரு அது?" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர்கள் சொன்ன பதிலில் நாங்கள் உட்கார்ந்திருந்த மரப்பலகை அதிர்ந்தது.

திங்கட்கிழமை அந்தப் பெஞ்சின் நடுவில், இரண்டு பேர் இடத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பெயர்தான் என்னை அப்படி உட்கார வைத்தது. இதையும் நான் உன்னிடம் சொன்னேன். நீ சிரித்தாய். அதனால் உனக்குத் தெரியாமல் போயிருக்க வழியில்லை.

நான் கடைசி வருஷம் படிக்கும்போது நம் அணி மேல் டிவிஷனுக்குப் போயிற்று. மாட்டுங்காவில் அச்சகம் வைத்திருந்த ஒருவர் நம் ஆட்டத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, ரசிகர்களுக்குக் கொடி தைத்துத் தருவதாகவும், கூரை போட்ட கேலரியில் இடம் வாங்கித் தருவதாகவும் சொல்லி அனுப்பினார். 'சம்டா பார்ட்டி' என்று மட்டும் கொடியில் போடமுடியாதாம். 'தென்னாட்டுச் சிங்கங்கள்' என்று வைத்துக்கொள்ளலாமே என்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல. நமக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தார்.

அதன்பிறகு டீக்கடையிலும் முடிவெட்டுகிற கடையிலும் அதே பேச்சு. சிங்கம் என்று பேர் வைத்துக்கொண்டு காலையில் கக்கூஸ் வரிசையில் எப்படி நிற்பது என்று ஒருவர் கேட்க, வரிசை முழுக்கச் சிரித்ததை நீதான் வந்து சொன்னாய். பெயரை மாற்ற விடமாட்டேன் என்று அப்போது நீ எல்லோரையும்விட உரக்கப் பேசினாய். பெயரை வோட்டுப் போட்டு முடிவு செய்யக் கூட்டம் வைத்தார்கள். அதற்கு முந்தின நாள் என்னிடம், "நீ என்ன சொல்லுத?" என்றாய். பெயர் இருக்கவேண்டும் என்றேன்.

"பொம்பளையளுக்கு அங்க வோட்டு கெடையாது. ஒன் வோட்டையும் சேத்து நானே போட்டுருதேன். போதுமா?" என்றாய்.

போதும் என்று நம்பினேன்.

காதர் பாயின் கிடங்கில் ஞாயிறு காலை கூட்டம். உனக்கு மேஸ்திரி அவர். நம் ஊர்ப்பக்கத்து மனிதர். நாங்கள் நாலைந்து பெண்கள் வாசல் பக்கம் நின்றோம். காதர் பாய்தான் முதலில் பேசினார். "பேருல என்னடே கேடு? ஒதைக்கிற பந்தும் சம்டாதான். கால்ல போடுற பூட்ஸும் சம்டாதான். நாம இல்லன்னா எவன் ஆடுவான்?" என்றார். கிடங்கே சிரித்தது. பெயர் பிழைத்துவிட்டது என்று நினைத்தேன். அப்போது சுடலைமுத்து மாமா எழுந்தார். அவர் யாரோடும் அதிகம் பேசுகிறவர் அல்ல. "ஊர்ல இந்தத் தோலச் சொல்லித்தான் நம்மளத் தெருவுக்கு வெளிய வச்சான். அதுக்குத் தப்பி ரயிலேறி வந்து, இங்க நாமளே கைதட்டிச் சொல்லிக்கிடணுமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அவருக்கு எதிர்வார்த்தை என்னிடம் இன்றும் இல்லை. அந்தப் பேச்சில் பெயர் போயிருந்தால் நான் அழுதிருப்பேன், அவ்வளவுதான். உன்மேல் கோபம் வந்திருக்காது. ஆனால் கூட்டம் இரண்டு பக்கமும் சரிபாதியாக நின்றது. எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நீ எழுந்தாய்.

"எந் தங்கச்சி பி.ஏ. படிக்கா. அவ போயி பெஞ்சுல இருந்தா, பக்கத்துல இருக்கவ எந்திரிச்சுப் போறா. நாத்தமாம். குழாயடில நின்னு எங்கிட்டச் சொல்லி அழுதா. இந்தப் பேரு அவளுக்கும் வேணுமா?"

கிடங்கில் இருந்த அத்தனை தலைகளும் வாசல் பக்கம் திரும்பின. நீ மட்டும் என்னைப் பார்க்கவில்லை. பிறகு பெயரை மாற்றச் சொல்லிக் கைகள் எழுந்தன. பந்தும் சம்டாதான் என்று சொன்ன காதர் பாய் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம் பிள்ளை என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, அவரும் கையைத் தூக்கினார். என்மேல் வந்த இரக்கத்தில் அந்தப் பெயர் போயிற்று.

வெளியே வந்து, "ஒனக்காவத்தான்" என்றாய்.

"என் வோட்ட எங்க போட்டண்ணே?" என்று கேட்டேன்.

நீ குனிந்து செருப்பைத் தேடினாய். பிறகு, "நீ அந்தப் பெஞ்ச மறந்துட்ட. எனக்கு மறக்க மாட்டேங்கே" என்றாய்.

மறக்க முடியாதது உன் பாடு, அண்ணே. ஆனால் நீ எடுத்துச் சொன்னது என் கதையை அல்லவா? நான் அந்தப் பெஞ்சில் விரிந்து உட்காரக் கற்றுக்கொண்ட கதையையும் நீ சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லியிருந்தால் கூட்டம் வேறு மாதிரி முடிந்திருக்கும். பாதியை எடுத்தாய், உனக்கு வேண்டிய பாதியை. அடுத்த வாரமே எதிர்வீட்டு அக்கா ஒருத்தி வாசனைச் சோப்பு ஒன்றைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து, காதோடு காதாக, "இதப் போட்டுக் குளி தாயி" என்றாள். அன்பாகத்தான் கொடுத்தாள். என்னைப் பெண் பார்க்க வந்த வீட்டார்கூடப் பெஞ்சுக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் வந்தார்கள். யாரும் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் 'யாருல அது' என்று கேட்டிருப்பேன். அந்தக் கேள்விக்கு இருந்த பதிலை நீங்கள் கையைத் தூக்கி வோட்டுப் போட்டு எடுத்துவிட்டீர்கள்.

கொடி வந்தது. மஞ்சள் துணியில் சிங்கம். நீ இரண்டு மூன்று முறை என்னைக் கூப்பிட்டாய். பரீட்சை இருக்கிறது என்றேன். பரீட்சை முடிந்ததும் வேலை என்றேன். பட்டம் வாங்கின அன்று நீ சந்தெல்லாம் ஜிலேபி கொடுத்துக்கொண்டு நடந்தாய். நான் உள்ளே இருந்தேன். அப்புறம் உனக்குக் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். நீ ஏதோ சொல்ல வந்தாய், செவிலிப்பெண் வந்தாள், விட்டுவிட்டாய். உன்னைத் தூக்கிப்போகும்போது அந்த மஞ்சள் கொடியை மேலே போர்த்தினார்கள். நன்றாகத்தான் இருந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, உன்னைக் கட்டிக்கொண்ட மதினி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "எங்கிட்டச் சொல்லாததையெல்லாம் ஒங்கிட்டத்தான் சொல்லுவாவ. ஏதாவது சொல்லி வச்சிருக்காவளா?" என்று கேட்டாள். இல்லை மதினி என்றேன்.

குழாயடியில் நான் என்னுடையதைச் சொன்ன அன்று, என் அழுகையை நிறுத்துவதற்காக நீயும் உன்னுடையது ஒன்றைச் சொன்னாய். பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. வெளியே தெரிந்தால் நாலு பேர் சிரிப்பார்கள், அவ்வளவுதான். கிடங்கு வாசலில் அத்தனை தலைகளும் திரும்பியபோது அது என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் அடுத்த நிமிஷம் எல்லோரும் உன் பக்கம் திரும்பியிருப்பார்கள். அன்று கூச்சத்தால் சொல்லாமல் போனேன் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது ஆபீசில் முப்பது பேர் முன்னால் எழுந்து நின்று பேசுகிறேன், குரல் நடுங்குவதில்லை. அப்படியும் மதினியிடம் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை நீ படிக்கப்போவதில்லை, இதில்கூட அதை எழுதவில்லை. என்னிடம்தான் இருக்கிறது, அண்ணே. பத்திரமாக இருக்கிறது.