மச்சானின் வலை

9-3-86, ஞாயிறு. திண்டிவனம்.

மரக்காணம் கடலில் இன்று டால்பினைப் படம் பிடித்துவிட்டேன். அங்கே அதை ஓங்கில் என்கிறார்கள். ஏழுமலை அண்ணன் வீசிய வலையில் ஒன்று சிக்கி, மூச்செடுக்க மேலே வர முடியாமல் திணறியது. அவர் வலையை அறுத்து அதை விட்டுவிட்டார். என்னிடம் இருந்த ஒரே ஃபிலிம் சுருளின் மூன்று நிமிடமும் அதற்கே போனது. வலையில் சிக்கும் ஓங்கிலை விட்டுவிடச் சொல்லிக் கடலோர ஊர்களில் திரை கட்டிக் காட்ட நான் தேடிய காட்சியே அதுதான்.

கரைக்குத் திரும்பும்போது அண்ணன் சொன்னார்: “அறுத்தத மட்டும் காட்டிடாதம்மா. வலை எங்க மச்சானுது. புதுசு.”

கரையில் மச்சான் வலையை விரித்துப் பார்த்தார்.

“பாறையில மாட்டிக்கிச்சு” என்றார் அண்ணன்.

“எனக்குத் தெரியாம நம்ம கடல்ல பாறை மொளைச்சிக்கினு இருக்குதா?” என்று சிரித்த மச்சான் என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லும்மா. நீதான் எல்லாத்தயும் படம் புடிச்சிக்கினு இருந்தியே.”

“பாறைதாங்க” என்றேன்.

“படிச்ச பொண்ணு சொன்னா சரிதான்” என்று அங்கேயே உட்கார்ந்து வலையைத் தைக்கத் தொடங்கிவிட்டார். அதுதான் உறுத்துகிறது.

சுருளைக் கழுவப் பம்பாய்க்கு அனுப்ப வேண்டும், விலாசம் எழுதிவிட்டேன். அறுக்கும் இடத்தை நீக்கினால் ஓங்கில் நீந்திப் போவது மட்டுமே மிஞ்சும். அதைப் பார்த்து யார் தன் வலையை அறுப்பார்கள்?

மச்சானிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அண்ணனைக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அந்த இடத்தை வெட்டிவிடுவேன். வெட்டிய துண்டைத் தூக்கிப் போடமாட்டேன்.