வாசித்த பிறகு போட்ட கையெழுத்து

மோர்னிங்சைட், ஸ்காபறோ
நவம்பர் 9

அன்பு மகள் ரோகிணிக்கு அப்பா எழுதுவது. எனக்கும் அம்மாவுக்கும் இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, வவுனியாவில் நீயும் மருமகனும் அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் விளக்குக் கொளுத்தும்போது கேட்டுக்கொள்கிறோம். அம்மாவின் முழங்கால் நோ குறைந்துவிட்டது, ஆனால் அதைச் சொன்னால் நான் கோப்பை கழுவுவதை நிறுத்திவிடுவேன் என்று சொல்லாமல் இருக்கிறாள். தம்பி முரளி ஒஷாவாவிலிருந்து வந்து குளிர்கால டயர் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் இனி வரும் சங்கதியை என் கையால் எழுத வேண்டுமென்று மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், கைக்கு எழுபத்துநான்கு வயது, எழுத்துக்கு இரண்டு வயது.

நீ அங்கே சின்ன வகுப்பு ரீச்சர்மாருக்குப் படமும் நாடகமும் வரலாறும் படிப்பிக்கும் விதத்தைப் பழக்குகிறாய் அல்லவா, அதே மாதிரிப் பயிற்சி போன சனிக்கிழமை இங்கேயும் நடந்தது. நடத்தியவர் எனக்கு ஆனா ஆவன்னா சொல்லித் தந்த நிலாணி ரீச்சர்தான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளில் படிப்பிக்கப் போகும் இளம் ஆட்கள் இருபது பேர் இருந்தார்கள். ஒரு மனிதரைக் கேள்வி கேட்டு, அவர் சொன்னதை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிக்க ஒரு பக்கமாக எழுத வேண்டும், பிறகு அதை நாடகமாகவும் நடிக்க வேண்டும், அதுதான் பாடம். அந்த மனிதராக என்னைக் கூப்பிட்டிருந்தார். ஊரைப் பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்தேன். ஆனால் நிலாணி ரீச்சர் வெக்ஸ்போர்ட் பள்ளிக்கூடத்தில் செய்த வேலையைச் சொல்லச் சொன்னார். பின்னேரம் மூன்றரைக்கு மேல் வகுப்பறைகளைத் துப்புரவாக்கிய இருபத்தேழு வருடத்தையும் சொன்னேன்.

எனக்கு அப்போது எந்த எழுத்தும் தெரியாது, ஆனால் தரையைப் பார்த்தே எந்த வகுப்பில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுவேன் என்றேன். சில அறைகள் நான் போகும்போதே கோயில் மண்டபம் மாதிரிச் சுத்தமாக இருக்கும், அங்கே பிள்ளைகள் நாள் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருப்பார்கள். ஒன்பதாம் அறை மரியோ மாஸ்டருடையது. அங்கே வெட்டிய கடதாசி, பசை, கதிரைக் காலில் பெயின்ற், அட்டையில் செய்த கிரீடம். மினுக்குத் தூளைக் கூட்டக் கூட்ட அது என் காலுறையில் ஏறி வீட்டுக்கு வந்து அம்மாவின் சோற்றுப் பானையிலும் மினுங்கும், உனக்கு நினைவிருக்கும். அந்த மனிதரைத் திட்டாத நாளில்லை. ஆனால் சுவரில் புதுப் படம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க முதலில் போவதும் அந்த அறைக்குத்தான். இதைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் சந்தோஷத்தில் புளுகம்.

சாப்பாட்டு நேரத்துக்கு முன் தனுஷிகா என்ற பிள்ளை, இங்கே பிறந்தவள், தான் எழுதிய பக்கத்தைக் கொண்டு வந்தாள். அதைத்தான் தெரிவு செய்திருந்தார்கள். என் பெயரும் படமும் போட்டு அடுத்த சனிக்கிழமை எல்லா வகுப்புக்கும் கொடுக்கப் போகிறார்களாம். அடியில் சம்மதக் கையெழுத்துக்கு ஒரு கோடு, அங்கிள், இதில வையுங்கோ என்று விரலால் காட்டினாள். ரோகிணி, இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தவன். வேலைக் கடதாசி, வீட்டுக் கடதாசி, உன் பள்ளிக்கூட ரிப்போர்ட், ஒன்றும் வாசித்ததில்லை. அன்றைக்குப் பேனையை மேசையில் வைத்துவிட்டு, வாசித்துப் பார்க்கிறன் என்றேன். தான் வாசித்துக் காட்டவா என்று கேட்டாள். வேண்டாம், அவர் வாசிக்கட்டும் என்றார் நிலாணி ரீச்சர். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தேன், அரை மணித்தியாலம் போனது. புட்டும் கறியும் ஆறிக்கொண்டிருந்தன, ஒருவரும் எழும்பவில்லை. நல்ல தமிழ். ஆனால் அதில் நான் நிலத்தைத் துடைத்துக்கொண்டு, விட்டு வந்த ஊரை நினைத்துத் தினமும் கண்ணீர் விட்டேனாம். மரியோ மாஸ்டரும் இல்லை, மினுக்குத் தூளும் இல்லை.

ரீச்சராகப் போகிற பிள்ளையின் எழுத்தில் பிழை சொல்ல நான் யார் என்று ஒரு பக்கம், இந்தப் பக்கத்தை நூறு பிள்ளைகள் வாசித்து என்னை அழுமூஞ்சி என்று நினைக்கப் போகிறார்களே என்று மறுபக்கம். கடைசியில் சொல்லிவிட்டேன். "பிள்ளை, வடிவாய் எழுதியிருக்கிறாய். ஆனா இது நானில்லை." அவள் முகம் சிவந்துபோனது. கவலையாய் இருந்தால்தான் பிள்ளைகளின் மனதில் பதியும் என்று நினைத்தேன், அங்கிள் என்று மெல்லச் சொன்னாள். நான் வேலையில் அழுதது ஒரே ஒரு நாள், தள்ளிக்கொண்டு போன பியானோ என் காலில் ஏறின அன்றைக்கு என்றேன். நிலாணி ரீச்சர் எல்லோருடைய குறிப்பையும் எடுத்துப் பார்க்கச் சொன்னார். ஒருவருடைய குறிப்பிலும் கண்ணீர் இல்லை. தரையைப் பற்றி நான் சொன்னதெல்லாம் இருந்தது, எழுதும்போது விட்டுவிட்டார்கள்.

அந்தப் பிள்ளை மனம் உடைந்து இந்த வேலையே வேண்டாமென்று போய்விடுவாளோ என்று எனக்கு ஒரே கவலை. ஆனால் அவள் ஆறிய புட்டை என் பக்கத்தில் இருந்தே சாப்பிட்டுக்கொண்டு, எந்த அறை, என்ன நிறம், எப்படிக் கூட்டினீர்கள் என்று திரும்பவும் முதலிலிருந்து கேட்டாள். பின்னேரம் நாடகத்துக்கு அவளே கடதாசியைக் கிழித்துத் தரையெல்லாம் கொட்டினாள். நான் விளக்குமாறு எடுக்க எழும்பியபோது, அங்கிள், நீங்கள் இருங்கோ, இன்றைக்கு நான்தான் நவரட்ணம் என்றாள். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. புதிதாக எழுதிய பக்கத்தையும் விரல் வைத்து வாசித்தேன். மரியோ மாஸ்டரைத் திட்டியதும் இருந்தது. கையெழுத்து வைத்தேன்.

நீ மருந்தாளர் படிப்பை விட்டுப் படமும் நாடகமும் படிப்பிக்கப் போனபோது அம்மாவிடம் மூன்று மாதம் குறைப்பட்டுக்கொண்டவன் நான். இப்போது பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடமும் என் மகள் ரீச்சர்மாருக்கே ரீச்சர் என்று சொல்கிறேன். உன் வேலையை ஒரு நாள் முழுக்கக் கண்ணால் பார்த்துவிட்டேன் பிள்ளை, அது லேசான வேலையில்லை.

வெயிலில் அலையாதே, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. நீயும் மருமகனும் குறைவில்லாமல் நீடூழி வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறக்காதே. உன் ரீச்சர்மார் யாரைப் பற்றி எழுதினாலும், அச்சுக்குப் போகமுன் அதை அந்த ஆளிடமே கொண்டுபோகச் சொல். வாசிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டட்டும். தெரிந்தவர் என்றால் கையில் கொடுத்துவிட்டு, எவ்வளவு நேரம் எடுத்தாலும் பக்கத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
வை. நவரட்ணம்